கிளிக் தரைப் பலகை: பூட்டு உடையாமல் போடுவது எப்படி?

எங்கள் படுக்கையறையில் கிளிக் பலகைத் தரை (ஆணி, பசை இல்லாமல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பலகை) போட்டது ஒரு பிப்ரவரியில். மே மாதம் ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் கால் வைத்தால் 'டக்' என்று சத்தம். குனிந்து பார்த்தேன். இரண்டு பலகை சேரும் இடம் அப்பளம் மாதிரி எழும்பி நின்றது. அழுத்தினால் கீழே போகிறது, விட்டால் மேலே வருகிறது. போட்ட ஆட்களைக் கூப்பிட்டேன், "வெயிலுக்கு அப்படித்தான் சார்" என்றார்கள். விற்ற கடையில் கேட்டேன், "பொருள் மட்டும்தான் எங்களுடையது" என்றார்கள். கடைசியில் நானும் என் மைத்துனரும் உட்கார்ந்து அத்தனை பலகையையும் கழற்றினோம். அப்போதுதான் தெரிந்தது, பலகையில் ஒரு குறையும் இல்லை. சுவரோடு சுவராக இடைவெளியே விடாமல் அடைத்திருந்தார்கள், பூட்டாத இடங்களைச் சுத்தியலால் அடித்து உள்ளே தள்ளியிருந்தார்கள். விளிம்புகள் பாதிக்குப் பாதி உடைந்து கிடந்தன.

இரண்டாவது முறை நாங்களே போட்டோம். நீங்கள் ஆள் வைத்துச் செய்தாலும் சரி, சொந்தமாகச் செய்தாலும் சரி, கீழே உள்ளதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

1. முதலில் பூட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒரு பலகையை எடுத்து அதன் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். ஒரு நீளப் பக்கத்தில் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கத்தில் காடி, அதாவது நீளமாக வெட்டிய பள்ளம் இருக்கும். பழைய மரத் தளங்களிலும் நாக்கும் காடியும் உண்டு. ஆனால் அங்கே நேராகத் தள்ளிச் செருகி, ஆணியோ பசையோ வைப்பார்கள். இதில் காடியின் கீழ் உதடு மேல் உதட்டைவிட நீளம். அந்த உதட்டின் நுனி மேல்நோக்கிச் சற்றுத் தடித்திருக்கும். நாக்கின் அடிப்பக்கத்தில் அதற்கேற்ற ஒரு பள்ளம். பலகையைச் சாய்த்து நாக்கை உள்ளே விட்டுக் கீழே படுக்க வைத்தால், உதட்டின் தடிப்பு அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு கை விரல்களையும் மடக்கி ஒன்றோடொன்று கோத்து இழுத்துப் பாருங்கள், அதே கதைதான். பக்கவாட்டில் இழுத்தால் வராது, சாய்த்தால் வந்துவிடும்.

இதிலிருந்தே இரண்டு விஷயம் புரியும். நீளப் பக்கம் சாய்த்தால்தான் சேரும், அடித்தால் சேராது. அடித்துச் சேர்ந்த மாதிரி தெரிந்தால், உள்ளே உதடு உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தது, பலகைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதால் தரையோடு எதுவும் ஒட்டுவதில்லை. அறை முழுக்க ஒரே பாய் விரித்த மாதிரி கிடக்கும். வெயிலுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும். அந்தப் பாயை எங்காவது ஆணி அடித்து நிறுத்தினால் வேறு எங்காவது எழும்பும்.

நீளப் பக்கம் எல்லாப் பலகையிலும் ஏறக்குறைய இப்படித்தான். குட்டைப் பக்கத்தில்தான் வித்தியாசம். பெட்டியின் மேல் யூனிகிளிக், 2ஜி, 5ஜி என்று ஏதாவது அச்சாகியிருக்கும். செல்போன் சமாச்சாரம் அல்ல, பூட்டின் வகை. 2ஜியில் குட்டைப் பக்கத்தையும் சாய்த்துத்தான் பூட்ட வேண்டும். 5ஜியில் குட்டைப் பக்கத்துக்குள் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்று இருக்கும். மேலிருந்து அழுத்தினால் அது உள்வாங்கி, மறுபடி வெளியே வந்து 'கிளிக்' என்று பூட்டும். யூனிகிளிக்கைச் சாய்த்தும் பூட்டலாம், இடம் இல்லாத மூலையில் தட்டுக்கட்டை (அடி நேராக விளிம்பில் விழாமல் நடுவே வைக்கும் கட்டை) வைத்து மெதுவாகத் தட்டியும் சேர்க்கலாம். முதல் முறை செய்பவர்களுக்கு 5ஜி மாதிரி மேலிருந்து அழுத்தும் வகைதான் சுலபம். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதையே வாங்கச் சொல்வேன்.

2. லேமினேட்டா, எஸ்பிசியா?

லேமினேட் பலகையின் நடுப்பகுதி மரநார்த் தூளை அழுத்திச் செய்தது. 8 மி.மீ., 12 மி.மீ. தடிமனில் அதிகம் கிடைக்கும். கால் வைக்க இதமாக இருக்கும், கீறல் தாங்கும். ஆனால் விளிம்பில் தண்ணீர் ஊறினால் உப்பிவிடும். உப்பினது திரும்பப் பழைய நிலைக்கு வராது. கரையான் வரும் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

எஸ்பிசி என்பது சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்தது. பெரும்பாலும் 4 முதல் 6 மி.மீ. வரைதான் இருக்கும், ஆனால் கனம். தண்ணீர், கரையான் இரண்டுக்கும் பயமில்லை. தினமும் தரை துடைக்கிற நம் வீடுகளுக்கு இதுதான் பொருத்தம். குறை என்னவென்றால், மெல்லிய பலகை என்பதால் அதன் பூட்டும் மெல்லியது. கண்ணாடி வழியாக நேர் வெயில் விழும் இடத்தில் நன்றாக விரியும். பால்கனிக்கு இரண்டுமே ஆகாது.

கடையில் மூன்று இடத்தில் ஏமாறுவோம்.

"5 மி.மீ." என்பார்கள். அதில் அடியில் ஒட்டிய பஞ்சும் சேர்த்தியா என்று கேளுங்கள். 4 மி.மீ. பலகையும் 1 மி.மீ. பஞ்சும் சேர்ந்தது ஒன்று. பலகையே 5 மி.மீ. இருப்பது வேறு. பூட்டு வெட்டியிருப்பது பலகையில்தான், பஞ்சில் அல்ல.

மேல் உறையின் தடிமனை "20 மில்" என்பார்கள். மில் வேறு, மில்லிமீட்டர் வேறு. 20 மில் என்றால் சுமார் 0.5 மி.மீ., 12 மில் என்றால் 0.3 மி.மீ. படுக்கையறைக்கு 0.3 போதும். ஹாலுக்கு 0.5 பாருங்கள்.

"தண்ணீர் புகாதது" என்பது பலகையைப் பற்றிய பேச்சு, தரையைப் பற்றியது அல்ல. வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினால் மூட்டு வழியாகவும் சுவரோரமாகவும் கீழே இறங்கி, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நாறும்.

லேமினேட்டில் ஏசி3, ஏசி4 என்று தேய்மானத் தர எண் இருக்கும். வீட்டுக்கு ஏசி3 சரி, ஆள் நடமாட்டம் அதிகமான ஹாலுக்கு ஏசி4.

3. கடையிலேயே பூட்டிப் பாருங்கள்

நிறம் பார்த்து வாங்குவதில்தான் எல்லோருடைய நேரமும் போகிறது. எனக்கும் அப்படித்தான் போனது. "ஓக்" நிறத்தில் நாலு வகை காட்டினார்கள், வீட்டில் அரைநாள் விவாதம் நடந்தது. விளிம்பை யாருமே பார்க்கவில்லை.

ஒரே பெட்டியிலிருந்து இரண்டு முழுப் பலகை கேளுங்கள். சின்ன மாதிரித் துண்டு வேண்டாம். தரையில் வைத்து நீளவாக்கில் பூட்டுங்கள். மூட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டக்கூடாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கோடாக ஒளி தெரியக்கூடாது. பிறகு கழற்றி, இன்னும் இரண்டு முறை பூட்டிக் கழற்றுங்கள். மூன்றாவது தடவையும் அதே இறுக்கம் இருந்தால் நல்ல பூட்டு. காடியிலிருந்து வெள்ளைத் தூளாகக் கொட்டினாலோ, நாக்கின் ஓரம் பொடிந்தாலோ அந்தப் பலகை வேண்டாம். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

முக்கியமான ஒன்று: ஒரு கம்பெனியின் பலகை இன்னொன்றோடு பூட்டாது. ஒரே கம்பெனியிலேயே இரண்டு ரகப் பலகைகள் பூட்டாமல் போவதும் உண்டு. "ஒரு பெட்டி குறைந்தால் வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாம்" என்ற கணக்கு இதில் செல்லாது.

4. எத்தனை பெட்டி, எவ்வளவு செலவு

என் அறை ஒன்பதரைக்குப் பன்னிரண்டு அடி, அதாவது 114 சதுர அடி. நான் வாங்கிய எஸ்பிசி பலகை 1220 மி.மீ. நீளம், 180 மி.மீ. அகலம். பெட்டிக்கு 10 பலகை, அதாவது சுமார் 23.6 சதுர அடி. புதிதாகச் செய்பவர்கள் 10 சதவீதம் சேதாரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். 114 என்பது 125 ஆகிறது, பெட்டிக் கணக்கில் 6.

நான் கொடுத்ததைச் சொல்கிறேன். உங்கள் ஊரில், உங்கள் கடையில் மாறும்.

பலகை சதுர அடிக்கு 115 ரூபாய், ஆறு பெட்டிக்கு 16,300 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 19,200 ரூபாய். கடையில் சொல்லும் விலை வரி சேர்த்ததா சேர்க்காததா என்று முதல் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள்; பேரம் எல்லாம் முடிந்த பிறகு கேட்டால் வலிக்கும். ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஓடும் பட்டை) நாற்பது அடிக்கு 1,800. வாசலில் வைக்கும் பட்டை 350. தட்டுக்கட்டை, இழுகம்பி (சுவரோரப் பலகையை இழுத்துச் சேர்க்கும் வளைந்த கம்பி), ஆப்புகள் அடங்கிய சிறு கருவிப் பை 900. டெம்போவுக்கும் மாடி ஏற்றும் கூலிக்கும் 1,400. ஒரு பெட்டி இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், மாடி ஏற்றுகிறவருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆள் கூலி முதல் தடவை சதுர அடிக்கு 20 ரூபாய் கொடுத்தேன். ஒரே ஓர் அறை என்றால் பலர் சதுர அடிக் கணக்கை விட்டு, "ஒரு நாள் கூலி இவ்வளவு" என்று மொத்தமாகக் கேட்பார்கள். அதுவும் நியாயம்தான். பழைய தரையைச் சமன் செய்வது, கதவின் அடியைச் சீவுவது, கட்டில் பீரோவை நகர்த்துவது எல்லாம் இந்தக் கூலிக்குள் அடக்கமா என்பதை மட்டும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

5. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

என்னுடைய பெரிய தப்பு இங்கேதான். முதல் தடவை துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். நாலாயிரம் ரூபாய் மிச்சம் என்று பெருமை வேறு. தரை எழும்பியபோது அந்தச் சீட்டுக்கு மதிப்பே இல்லை.

ஜிஎஸ்டி எண்ணோடு கூடிய பில் வேண்டும். அதில் கம்பெனிப் பெயர், பலகையின் எண், தடிமன், பெட்டி எண்ணிக்கை இருக்க வேண்டும். வெறும் "ஃபுளோரிங்" என்று எழுதியிருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

பெட்டியின் பக்கவாட்டில் தயாரிப்புத் தொகுதி எண் ஒட்டியிருக்கும். ஆறு பெட்டியிலும் ஒரே எண்ணா என்று பார்த்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எண் மாறினால் நிறமும் மாறலாம்.

பெட்டிக்குள் ஒரு துண்டுப் பிரசுரம் இருக்கும். சுவரோரம் எவ்வளவு இடைவெளி, தரை எவ்வளவு சமமாக இருக்க வேண்டும், அதிகபட்சம் எத்தனை மீட்டர் தொடர்ச்சியாகப் போடலாம் என்று அதில் இருக்கும். உத்தரவாதம் என்பது இதன்படி போட்டால் மட்டும்தான். போடுகிற ஆட்கள் முதலில் குப்பையில் எறிவதும் இதைத்தான். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே சொல்லும் அளவும் அதிலுள்ள அளவும் மாறினால், அதில் உள்ளதையே கேளுங்கள்.

வேலை நடக்கும்போது மட்டப்பலகை வைத்துத் தரையை அளந்தது, ஸ்கேல் வைத்துச் சுவரோர இடைவெளியை அளந்தது, இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். நாளைக்குப் பேச்சு வந்தால் பேச அதுதான் இருக்கும். கடை கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் முதலில் பில்தான் கேட்பார்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும். காலி செய்யும்போது பலகையைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். அடுக்ககம் என்றால் சங்கத்தில் வேலை நேரம், லிஃப்டில் பெட்டி ஏற்றும் அனுமதி, வெட்டிய துண்டுகளை எங்கே போடுவது, இந்த மூன்றையும் விசாரியுங்கள்.

6. எப்போது, எத்தனை நாள்

ஒரு நாள் வேலை என்பார்கள். பூட்டுகிற வேலை ஒரு நாள்தான். முன்னும் பின்னும் சேர்த்து ஐந்து நாள் வையுங்கள். பெட்டிகளைப் பிரிக்காமல், அதே அறையில், தரையில் படுக்கை வசமாக 48 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். குடோன் சூட்டில் இருந்த பலகையை ஏசி அறையில் அன்றைக்கே பூட்டினால் பிறகு சுருங்கி, குட்டைப் பக்க மூட்டுகள் திறந்துகொள்ளும். சுவரில் சாய்த்து நிறுத்தவே கூடாது. தரையைச் சமன்படுத்த ஒரு நாள், அது காய ஒரு நாள், பூட்ட ஒரு நாள்.

லேமினேட் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வேண்டாம். பலகை ஈரக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே பூட்டுவீர்கள். புதிதாகப் போட்ட சிமென்ட் தரை என்றால் குறைந்தது 28 நாள் ஆறவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

பெயின்ட், வயரிங், ஏசி எல்லாம் முடிந்த பிறகு தரை. இது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் பெயின்டர் தேதி மாற்றும்போது எல்லாமே தலைகீழாகும்.

7. பழைய தரை: ஆறடிக்கு ஒரு நூல்

பழைய டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை, மொசைக்கின் மேலும் போடலாம். கீழே உள்ளது ஆடாமல், சமமாக, காய்ந்து இருந்தால் போதும்.

கொத்தனாரிடம் இருக்கும் ஆறடி அலுமினிய மட்டப்பலகையை வாங்கி, தரையில் நாலு திசையிலும் வைத்துப் பாருங்கள். மட்டப்பலகைக்கும் தரைக்கும் நடுவே எங்கும் ஒரு நூலுக்கு மேல் சந்து இருக்கக்கூடாது. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 3 மி.மீ. பிரசுரங்களில் "2 மீட்டருக்கு 3 மி.மீ." என்று போட்டிருப்பதும் ஏறக்குறைய இதுதான். தரை மொத்தமாக ஒரு பக்கம் சரிந்திருந்தால் பரவாயில்லை. மேடும் பள்ளமுமாக இருப்பதுதான் ஆகாது. பள்ளத்தின் மேல் உள்ள மூட்டு, கால் வைக்கும்போதெல்லாம் கீழே போய் மேலே வரும். ஒரு கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி உடைப்பது போல, சில மாதத்தில் அந்த மெல்லிய உதடு உடைந்துவிடும். எங்கள் அறையில் ஜன்னல் ஓரம் இரண்டு நூல் பள்ளம் இருந்தது. உடைந்த விளிம்புகளில் பாதி அங்கேதான்.

மேட்டைத் தேய்த்து எடுங்கள். பள்ளத்துக்குத் தானாகச் சமமாகும் சிமென்ட் கலவை மூட்டையாகக் கிடைக்கிறது, கலந்து ஊற்றி மட்டப்படுத்துங்கள். டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் எடுத்துவிட்டுக் கலவை போட்டு அடையுங்கள். பள்ளத்தை அட்டையும் செய்தித்தாளும் வைத்து நிரப்புகிறவர்கள் உண்டு. எங்கள் தரையைக் கழற்றியபோது கீழே பெட்டி அட்டைதான் கிடைத்தது.

பஞ்சு விஷயத்தில் ஒரு பொறி. லேமினேட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தாளும் மெல்லிய பஞ்சும் தனியாக விரிக்க வேண்டும். அடியிலேயே பஞ்சு ஒட்டி வரும் எஸ்பிசிக்கு இன்னொரு பஞ்சு போடக்கூடாது. "ரெண்டு போட்டா மெத்துன்னு இருக்கும் சார்" என்பார்கள். மெத்தென்று இருந்தால் மூட்டு ஆடும். ஆடினால் உடையும்.

8. வெட்டுவதற்கு முன் வரிசைக் கணக்கு

இந்தக் கணக்குக்கு அரை மணி நேரம் செலவு செய்யுங்கள். நான் முதலில் போடாமல் விட்டு, கடைசி வரிசையில் தெரிந்துகொண்டேன்.

அறையின் அகலம் ஒன்பதரை அடி, அதாவது 2896 மி.மீ. இரண்டு பக்கமும் இரண்டு நூல், அதாவது 6 மி.மீ. இடைவெளி விட்டால் மிச்சம் 2884. பலகை அகலம் 180. பதினாறு வரிசை போட்டால் 2880 முடிந்துவிடும், கடைசியில் மிஞ்சுவது 4 மி.மீ. நாலு மில்லிமீட்டர் பலகையை யார் வெட்டுவது, எதில் பூட்டுவது? அதனால் முதல் வரிசையையே குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முழு அகலத்தையும் மிச்சத்தையும் கூட்டி இரண்டாக வகுத்தால் 92. முதல் வரிசை 92, நடுவில் பதினைந்து முழு வரிசை, கடைசி வரிசை 92. பார்க்கவும் இரு ஓரமும் ஒன்றுபோல இருக்கும். கடைசி வரிசை எப்படியும் 50 மி.மீ.க்குக் குறையக்கூடாது.

முதல் வரிசையில் சுவரை ஒட்டிய நாக்குப் பக்கத்தை வெட்டி எடுங்கள். காடி உங்களைப் பார்த்து இருக்கட்டும். கடைசி வரிசையில் காடிப் பக்கத்தை வெட்டுங்கள். மாற்றி வெட்டினால் அந்தப் பலகை விறகுக்குத்தான்.

நீளவாக்கில், பக்கத்து வரிசைகளின் குட்டைப் பக்க மூட்டுகள் ஒன்றுக்கொன்று குறைந்தது ஒரு அடி தள்ளி வர வேண்டும். செங்கல் அடுக்குவது போல. என் அறை நீளம், இடைவெளி போக, 3646. மூன்று முழுப் பலகை 3660. 14 மி.மீ. வெட்டினால் முதல் வரிசை முடிந்தது. ஆனால் எல்லா வரிசையும் இப்படியே ஆரம்பித்தால் மூட்டுகள் ஒரே கோட்டில் வந்துவிடும். அதனால் இரண்டாம் வரிசைக்கு ஒரு பலகையை 407, 813 என இரண்டாக வெட்டினேன். இங்கேதான் கவனம்: வரிசையை இடமிருந்து வலமாகப் போடுகிறோம். ஆரம்பத் துண்டுக்கு வலது நுனியில் பூட்டு வேண்டும், முடிவுத் துண்டுக்கு இடது நுனியில். எனவே பலகையின் வலப்பாதியான 407 ஆரம்பத்துக்கு, இடப்பாதியான 813 அதே வரிசையின் முடிவுக்கு. நடுவில் இரண்டு முழுப் பலகை. முடிவுத் துண்டை 799 ஆகக் குறைத்தால் சரியாக உட்கார்ந்தது. மூன்றாம் வரிசையில் வலது 813 ஆரம்பம், இடது 407 முடிவு (அதை 393 ஆகக் குறைத்து). இப்படி மாறி மாறிப் போனால் வரிசைக்கு மூன்று பலகை, பதினேழு வரிசைக்கு 51. வாங்கிய 60-இல் ஒன்பது மிஞ்சும். கண்டபடி வெட்டியவர்களுக்கு அதே அறைக்கு ஆறு பெட்டியும் போதவில்லை, கடைசிச் சுவரோரம் பீரோ மறைக்கும் இடத்தில் துண்டு துண்டாக ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

9. பூட்டும் முறை

இரண்டு பேர் வேண்டும். சுவரோரம் எல்லா இடத்திலும் ஆப்பு வையுங்கள். எஸ்பிசிக்கு இரண்டு நூல், லேமினேட்டுக்கு மூன்று நூல் இடைவெளி.

முதல் வரிசை நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டும். சுவர் நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். சுவர் கோணலாக இருந்தால் அந்தக் கோணலைப் பலகையில் குறித்து வெட்டுங்கள்.

ஒவ்வொரு பலகையையும் பூட்டுவதற்கு முன் காடியில் பெயின்ட் பிரஷ்ஷை ஒரு தடவை ஓட்டுங்கள். ஒரு மணல் போதும், மூட்டு மூடாது. மூடாததைப் பார்த்து நாம் அடிப்போம். அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டேன்.

நாக்கை முந்தைய வரிசையின் காடிக்குள் இருபது முப்பது டிகிரி சாய்வில் வைத்து, லேசாக ஆட்டிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். பிடித்துவிட்டது கைக்குத் தெரியும். பிறகு கீழே இறக்குங்கள். மேலிருந்து அழுத்தும் வகை என்றால் இறக்கும்போதே குட்டைப் பக்கம் முந்தைய பலகையை ஒட்டி இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்துங்கள், இல்லையேல் ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். 'கிளிக்' கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் தூக்குங்கள், பாருங்கள், மறுபடி வையுங்கள். குட்டைப் பக்கத்தையும் சாய்க்க வேண்டிய வகை என்றால், வரிசை முழுவதையும் குட்டைப் பக்கத்தில் முதலில் கோத்துவிட்டு, இரண்டு பேராகப் பிடித்து மொத்தமாகச் சாய்த்து இறக்குங்கள். இதில்தான் மைத்துனருக்கும் எனக்கும் மனஸ்தாபம் வந்தது. ஒருவர் முந்தினால் மற்ற முனை கழன்றுவிடும்.

தட்ட வேண்டி வந்தால் தட்டுக்கட்டையின் மேல் மட்டும், மெதுவாக, பல தடவை. கொட்டாப்புளியை நேராகப் பலகை விளிம்பில் வைக்காதீர்கள். கடைசி வரிசையில் கட்டைக்கு இடம் இருக்காது, அங்கே இழுகம்பி.

இரண்டு வரிசைக்கு ஒரு முறை மூட்டின் மேல் நகத்தை ஓட்டுங்கள். பத்தாவது வரிசையில் கண்டுபிடித்தால் எட்டு வரிசையைக் கழற்ற வேண்டும்.

எஸ்பிசியைக் குறுக்கே வெட்ட ரம்பம் வேண்டாம். கட்டர் கத்தியால் இரண்டு மூன்று கோடு ஆழமாகக் கீறி மடக்கினால் உடையும். நீளவாக்கில் வெட்டத்தான் மிஷின் வேண்டும். தூள் அதிகம் பறக்கும், முகமூடி போட்டுக்கொண்டு வெளியே வைத்து வெட்டுங்கள்.

10. நிலை, கதவு, ஸ்கர்ட்டிங்

கதவு நிலையைச் சுற்றிப் பலகையை வளைவாக வெட்டினால் அசிங்கமாக இருக்கும். நிலையின் அடியில் ஒரு துண்டுப் பலகையைப் படுக்கவைத்து, அந்த உயரத்துக்கு நிலையை அறுத்து, பலகையை உள்ளே நுழையுங்கள். அங்கே சாய்க்க இடம் இருக்காது. காடியின் கீழ் உதட்டுத் தடிப்பை உளியால் சீவிவிட்டு, அந்த ஒரு மூட்டில் மட்டும் பசை வைத்து நேராகத் தள்ளுங்கள். பலகையோடு பலகைக்குத்தான் பசை. தரைக்கு அல்ல.

கதவின் அடி எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பதைப் பலகை வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். இடிக்கும் என்றால் ஆசாரியை முன்னாலேயே கூப்பிட்டுச் சீவி வையுங்கள். குளியலறை வாசலில் உள்ள இடைவெளியைச் சிலிக்கானால் அடையுங்கள், சிமென்ட் பூசாதீர்கள்.

ஸ்கர்ட்டிங்கைச் சுவரில் ஒட்டுங்கள், சுவரில் ஆணி அடியுங்கள். பலகையில் ஓர் ஆணிகூட இறங்கக்கூடாது. ஆப்புகளை எடுத்துவிட்டுத்தான் ஸ்கர்ட்டிங். முதல் தடவை எங்கள் அறையில் ஆப்பே வைக்கவில்லை என்பதால் எடுக்க மறந்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது.

யாரும் சொல்லாத ஒன்று: கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்கத் தரையில் காந்தம் திருகுவோமே, அதைப் பலகை வழியாகத் திருகக்கூடாது. அது ஒரு ஆணிதான். சுவரில் வைக்கும் வகை வாங்குங்கள். மாடுலர் கிச்சன் அலமாரிகளும் இந்தத் தரையின் மேல் நிற்கக்கூடாது. அலமாரியை முதலில் வைத்து, அதுவரைக்கும் தரையைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பீரோ ஒரு பக்கம் இருந்தால் சரி. எதிரெதிர் சுவர்களில் இரண்டு கனத்த பீரோ வைத்தால் தரை நடுவில் மாட்டிக்கொள்ளும்.

ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தொடர்ந்து போடச் சொல்லி வீட்டில் கேட்பார்கள். பார்க்க அழகுதான். லேமினேட் என்றால் எட்டு, பத்து மீட்டருக்கு ஒரு தடவை இடைவெளி விட்டுப் பட்டை வைத்தாக வேண்டும். வாசலிலேயே அதை வைத்துவிடுவது நல்லது.

11. போட்ட பிறகு

உடனே நடக்கலாம், பொருட்களையும் வைக்கலாம். பீரோவை இழுக்காமல் தூக்கி வையுங்கள், கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். எஸ்பிசியின் மேல் ரப்பர் அடி வைத்த மிதியடி போட்டால் கறை பிடிக்கும். துணி மிதியடி போடுங்கள். பூஜை அறையில் விளக்கு வைக்கும் இடத்தில் ஒரு தாம்பாளம். தெற்கு, மேற்கு ஜன்னல்களுக்குத் திரை.

நடுவில் ஒரு பலகை கெட்டுப்போனால் அருகில் உள்ள சுவரோர ஸ்கர்ட்டிங்கை எடுத்துவிட்டு, அந்தச் சுவரிலிருந்து வரிசை வரிசையாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். வரிசையை மொத்தமாகத் தூக்கிச் சாய்த்தால் கழன்றுவிடும். மேலிருந்து அழுத்தும் வகையில் குட்டைப் பக்கத்தை மேலே தூக்கிப் பிரிக்காதீர்கள், பிளாஸ்டிக் பட்டை போய்விடும். வரிசையைத் தரையில் வைத்து நீளவாக்கில் நகர்த்திப் பிரியுங்கள். கழற்றும்போதே சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டால் திரும்பப் பூட்ட ஒரு மணி நேரம்தான்.

அதற்குப் பலகை கையில் இருக்க வேண்டும். மிஞ்சிய ஒன்பதையும் எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்திருக்கிறோம், பில்லின் நகலும் தொகுதி எண்ணும் அந்தப் பெட்டிமேலேயே ஒட்டியிருக்கிறது. பரண் மேல் ஏற்றாதீர்கள், மூலையில் நிற்க வைக்காதீர்கள். வளைந்த பலகை பூட்டாது.